மறு: தடுப்பூசியிலும் குழந்தை உணவிலும் குளூட்டமேட் – எந்தச் சொல்லால் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

கைக்குழந்தைகளின் பெற்றோருக்கான துண்டறிக்கையில் "எக்சிபியன்ட்" (மருந்தில் முதன்மைப் பொருளோடு சேர்த்து வைக்கப்படும் மற்றப் பொருள்) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்றுதான் இந்த இழை தொடங்கியது. இப்போது அப்படிச் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்றான, புரதங்களிலும் காணப்படும் குளூட்டமேட் நல்லதா கெட்டதா என்பதில் வந்து நிற்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தகராறில் பாதியை நாம் தேர்ந்த சொற்களே கிளப்பிவிட்டிருக்கின்றன.

> அடிட்டிவ் என்றால் கலப்புப்பொருள் போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு மாதிரி புரியும். உணவுக்கும் மருந்துக்கும் பக்கத்தில் 'கலப்பு' என்று எழுதினால் படிப்பவர் 'கலப்படம்' என்றே எடுத்துக்கொள்வார். கலப்படம் மறைத்துச் செய்வது. இது அளவு குறித்து, பட்டியலில் எழுதிச் சேர்ப்பது. சின்னம்மைத் தடுப்பூசியான வேரிவாக்ஸின் குறிப்புத்தாளில், ஒரு தவணை மருந்தில் 0.5 மில்லிகிராம் மோனோசோடியம் குளூட்டமேட் (எம்எஸ்ஜி) உண்டு என்று தயாரித்தவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். மூக்கில் பீய்ச்சும் ஃப்ளூ தடுப்பு மருந்தான ஃப்ளூமிஸ்ட்டில் 0.188 மில்லிகிராம். இந்த எண்கள்தான் யாரோ துப்பறிந்து வெளிக்கொண்டுவந்த ரகசியம் போல வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 'கலப்பு' என்று நாமும் எழுதினால் அந்தத் தோற்றத்துக்கு முத்திரை குத்தியதாகும். 'சேர்ப்புப்பொருள்' என்பது என் வாக்கு. 'சேர்மம்' வேண்டாம், அது வேதியியல் பாடநூல்களில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது.

> எக்சிபியன்ட்டுக்கு சித்த மருத்துவத்தின் 'அனுபானம்' இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுபானம் மருந்தை உட்கொள்ளும் நேரத்தில் கூட்டிக்கொள்வது. எந்த அனுபானம் என்பதை நோயைப் பார்த்து மாற்றுவார்கள். அதற்கென்று ஒரு மருத்துவப் பங்கும் உண்டு. எக்சிபியன்ட் குப்பிக்குள்ளேயே இருப்பது, எல்லாருக்கும் ஒன்றே. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் இரண்டு துறையினரும் கோபிப்பார்கள்.

'செயலறு பொருள்' என்ற முன்மொழிவையும் மறுக்கிறேன். ஆங்கில வழக்கில் 'செயலற்றவை' என்று பிரிப்பதைப் பார்த்து வந்தது அது. ஆனால் சில தடுப்பூசிகளில் நிலைப்புக்காகச் சேர்க்கப்படும் ஜெலட்டின் ஒவ்வாமை உண்டாக்கியிருக்கிறது. ஜெலட்டினுக்கோ நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கோ முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்கு அவை உள்ள தடுப்பூசியைப் போடக்கூடாது என்று குறிப்புத்தாளே சொல்கிறது. அதைப் போய்ச் 'செயலறு' என்றால், ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் அந்தப் பட்டியலைப் படிக்காமலே விட்டுவிடுவார். பெற்றோரின் அச்சம் எல்லாமே வதந்தியில் பிறந்தது என்று நாம் பேசுவதும் சரியில்லை. 'உடன்பொருள்' என்று வைப்போம். முதன்மை மருந்துக்கு உடன் இருப்பது. நல்லது கெட்டது எதையும் முன்கூட்டிச் சொல்லாத சொல்.

> குளூட்டமேட் ஒரு பதப்பொருள் என்று செய்தியில் படித்தேன். அப்படியே எழுதலாமா?

கூடாது. இந்த இழையிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பதப்பொருளின் வேலை கிருமி வளராமல் தடுப்பது. வேரிவாக்ஸில் இருப்பதோ உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். அதில் பதப்பொருள் கிடையாது. குளூட்டமேட் அங்கே செய்வது நேர்மாறான வேலை: உறையவைத்து உலர்த்தும்போதும், வெப்பமும் அமிலத்தன்மையும் மாறும்போதும் வைரஸ் செத்துப்போகாமல் தாங்குகிறது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிகள் சிலவற்றில் சோடியம் குளூட்டமேட் இருப்பதும் உலர்த்தலில் பாக்டீரியா பிழைத்திருக்கத்தான். ஒன்று கிருமியைத் தடுப்பது, மற்றது கிருமியைக் காப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அந்த அகராதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனவே 'நிலைநிறுத்தி'. 'நிலைகாப்பி' என்று ஒரு நண்பர் தந்தது பொருளில் இன்னும் நெருக்கம்தான். ஆனால் அதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், யாராவது டம்ளரை நீட்டுவார்கள்.

'சுவையூட்டி' என்ற சொல்லும் இந்த இடத்துக்கு வேண்டாம். 1908இல் ஜப்பானில் இக்கேதா கிகுனாயே கடற்பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே அஜினோமோட்டோ விற்பனைக்கு வந்தது. வணிகப்பெயரே பொருட்பெயராகிவிட்டதால், "தடுப்பூசியில் அஜினோமோட்டோ" என்று தலைப்பு வைத்தால் படிப்பவர் மனத்தில் உணவகத் தட்டுதான் வரும். உணவில் சுவைமிகுப்பி, தடுப்பூசியில் நிலைநிறுத்தி என்று செய்யும் வேலையைப் பெயராக்கினால், "ஊசிக்கு எதற்குச் சுவை?" என்ற கேள்வியே எழாது.

> ஃப்ரீ குளூட்டமேட் = இலவச குளூட்டமேட் (மொழிபெயர்ப்புச் செயலி தந்தது)

சிரித்து முடித்தேன். 'கட்டற்ற' என்பதையும் பலர் சொன்னார்கள். மென்பொருளுக்கு அது அழகு. குளூட்டமேட்டுக்கு முன்னால் போட்டால் அளவில்லாமல் கொட்டியது போலாகும். எழுத்திலக்கணத்தில் 'தனிநிலை' இருக்கிறதல்லவா? புரதச் சங்கிலியில் பிணையாமல் தனித்து நிற்பதைத் 'தனிநிலை குளூட்டமேட்' என்றும், புரதத்தில் கோத்திருப்பதைப் 'புரதப்பிணை குளூட்டமேட்' என்றும் சொல்லலாம்.

குழந்தை உணவைப் பற்றிப் பேச இந்த இணைச்சொற்கள் இல்லாமல் முடியாது. தாய்ப்பாலில் உள்ள தனிநிலை அமினோ அமிலங்களில் குளூட்டமேட்டே அதிகம். 100 மில்லிலிட்டரில் சுமார் 20 மில்லிகிராம். பசும்பாலில் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கான, புரதத்தை முன்கூட்டியே உடைத்த பால்மாவுகளில் தனிநிலை குளூட்டமேட் இன்னும் கூடுதல். அதை யாரும் தூவவில்லை; புரதம் உடைந்ததில் வெளிவந்தது. "சேர்க்கப்படவில்லை" என்பது ஒன்று, "இல்லை" என்பது வேறு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இப்படி உடைத்த புரதம் சேர்ந்த உணவின் உறையில் 'எம்எஸ்ஜி இல்லை' என்று போடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். நம் துண்டறிக்கையும் அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல், சேர்ப்புப்பொருளாக வரும் குளூட்டமேட்டுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. அது உண்பதற்கான கணக்கு, ஊசிக்கானதல்ல.

> வயிற்றில் போவதும் ஊசியில் ஏறுவதும் ஒன்றா?

மருத்துவர் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஒன்றல்ல. உண்ட குளூட்டமேட்டில் பெரும்பங்கைக் குடற்செல்களே எரிபொருளாகச் செலவழித்துவிடுகின்றன. ஊசி அந்த வாசலைத் தாண்டிப் போகிறது. ஆகவே 'செலுத்துவழி' என்ற சொல்லும் நம் பட்டியலில் இடம்பெற வேண்டும். தாய்ப்பாலோடு ஒப்பிட்டு ஊசிக்குச் சமாதானம் சொல்வது அரைகுறைப் பதில்.

ஊசியை ஊசியோடு ஒப்பிடலாம். அச்சத்தின் வேர் 1969இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி வெளியிட்ட ஆய்வு. பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தோலடியில் குளூட்டமேட் செலுத்தினார். மூளையின் ஹைப்போதலாமஸில் நரம்பணுக்கள் மடிந்தன. பொய்யல்ல, நல்ல ஆய்வு. அதையொட்டித்தான் அமெரிக்கக் குழந்தை உணவு நிறுவனங்கள் எம்எஸ்ஜியைத் தாங்களாகவே கைவிட்டன. ஆனால் அவர் செலுத்தியதில் மிகக் குறைந்த அளவே உடல் எடையில் கிலோவுக்கு 500 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு அந்தக் கணக்கில் 5,000 மில்லிகிராம் ஆகும். வேரிவாக்ஸில் இருப்பது 0.5. பத்தாயிரத்தில் ஒரு பங்கு. துண்டறிக்கையில் "ஆபத்தில்லை" என்று மட்டும் போடாமல் இந்த வகுத்தலையும் போடுங்கள். பெற்றோர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான்.

ஓல்னி புழக்கத்தில் விட்ட 'எக்சைட்டோடாக்சின்' என்பதற்கு வந்த 'கிளர்நஞ்சு' ஓசையில் அருமை. அதனாலேயே தயக்கம். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொள்ள மூளை தானே பயன்படுத்தும் பொருள் குளூட்டமேட். கற்பதும் நினைவில் கொள்வதும் அதை நம்பியே நடக்கின்றன. அளவு மீறித் தூண்டும்போதுதான் செல் மடிகிறது. பொருளுக்கு 'நஞ்சு' என்று பெயர் வைத்தால் அளவு என்ற பேச்சே அடிபட்டுப்போகும். நிகழ்வுக்கு 'மிகைக்கிளர்வு நச்சுமை' என்று வைப்போம். நீளம்தான், மறுக்கவில்லை. 'மிகை' உள்ளே இருப்பதற்காக அந்த நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

> குளூட்டன் என்றால் பசை. குளூட்டமிக் அமிலம் = பசைமக் காடி?

1866இல் ரிட்ஹாவுசன் கோதுமைப் பசையப் புரதத்திலிருந்து பிரித்ததால் வந்த பெயர், உண்மைதான். ஆனால் குப்பியின் உறையில் இருக்கும் பெயரோடு துண்டறிக்கை பொருந்தாவிட்டால் பெற்றோர் எதை எதோடு ஒத்துப்பார்ப்பார்கள்? குளூட்டமேட் அப்படியே இருக்கட்டும்.

விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் ஒன்று பாக்கி: 'ஹைட்ரோலைசேட்', அதாவது மேலே சொன்ன பால்மாவுகளில் உள்ள உடைத்த புரதம். 'நீராற்பகுப்பு' ஏற்கெனவே ஏற்கப்பட்ட சொல் என்பதால், துண்டறிக்கைக்கு 'நீராற்பகுத்த புரதம்' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தப் பால்மாவுகளில் அந்த வேலையைச் செய்வது நொதிகள். 'நொதித்த' என்றால் புளிக்கவைத்தது என்று ஆகிவிடும், 'நொதியால் பகுத்த' என்றால் நீர் விடுபட்டுப்போகும். உயிர்வேதியியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்.