12 டீம், ஒரே மைதானம்: குரூப்பை எப்படிப் பிரிப்பது?

கோத்தகிரி கோல்கீப்பர்:
வணக்கம். மே லீவில் எங்கள் எஸ்டேட் மைதானத்தில் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) டோர்னமெண்ட் நடத்துகிறோம். 12 டீம், இரண்டே நாள். மதியம் 3 மணிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் இந்தக் கோல்போஸ்டிலிருந்து அந்தக் கோல்போஸ்ட் தெரியாது, அதற்குள் முடித்தாக வேண்டும்.

போன வருடம் மூன்று நாள் கிடைத்தது. நான்கு நான்காக மூன்று குரூப். முதல் இரண்டு இடமும், மூன்றாம் இடத்தில் நல்ல இரண்டு டீமும் காலிறுதிக்கு. கடைசி குரூப் மேட்ச் டிரா ஆனால் ஆடுகிற இரண்டு டீமும் உள்ளே, காலையிலேயே ஆடி முடித்த ஒரு டீம் வெளியே. 1-1 ஆனதும் இரண்டு பக்கமும் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களே பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே போன பையன்கள் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கோட்டோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பேசாமல் நாக்-அவுட் வைத்துவிடலாமா?

வெலிங்டன் விசில்:
தம்பி, நாக்-அவுட் வேண்டாம். 1934 உலகக்கோப்பையில் 16 அணிகள், முதல் சுற்றிலிருந்தே நாக்-அவுட். பிரேசிலும் அர்ஜென்டினாவும் கப்பலேறி இத்தாலி வரை போய், ஆளுக்கு ஒரே ஒரு மேட்ச் ஆடித் தோற்றுத் திரும்பின. உங்கள் பையன்கள் முதல் பஸ் பிடித்து வந்து அரை மணி நேரம் ஆடிவிட்டுப் போவதற்கா?

நீங்கள் பார்த்தது அப்படியே 1982 உலகக்கோப்பையில், ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் நடந்தது. அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வென்றிருந்தது, சிலியையும் முந்தின நாளே வென்று ஆட்டங்களை முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனி ஆஸ்திரியாவை ஒன்றிரண்டு கோலில் ஜெயித்தால் இருவரும் உள்ளே. ஆரம்பத்திலேயே ஒரு கோல் விழுந்தது, அதோடு ஆட்டமே நின்றுபோனது. அல்ஜீரியா ஊருக்குப் போனது. 1986 முதல் ஒரு குரூப்பின் கடைசி இரண்டு மேட்சும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். உங்களுக்கு மைதானம் ஒன்றுதான், அது முடியாது.

ஆனால் அதே 1982-ன் இரண்டாம் சுற்றைப் பாருங்கள். உங்களைப் போலவே 12 அணிகள், மூன்று மூன்றாக நான்கு குரூப், முதலிடம் மட்டும் அரையிறுதிக்கு. முதல் மேட்சில் தோற்றவர் அடுத்த மேட்சை ஆட வேண்டும். அப்படி அமைந்ததுதான் பார்சிலோனாவில் இத்தாலி–பிரேசில். பிரேசிலுக்கு டிரா போதும். பாவ்லோ ரோஸ்ஸி மூன்று கோல் போட, இத்தாலி 3-2. கடைசி நிமிடம் வரை யாரும் நின்று ஆடவில்லை, நிற்கவும் முடியாது. இரண்டு பேரில் ஒருவருக்குத்தானே இடம்! இத்தனை வருடம் விசில் ஊதியவன் சொல்கிறேன், இதைவிட நேர்மையான அமைப்பை நான் பார்த்ததில்லை.

உங்கள் கணக்கு: குரூப்பில் 12, அரையிறுதி 2, ஃபைனல் 1, மொத்தம் 15 மேட்ச். பாதிக்கு 15 நிமிடம் வைத்தால் இடைவேளையோடு ஒரு மேட்சுக்கு 40 நிமிடம். முதல் நாள் 9 மேட்ச், காலை 8 மணிக்கு ஆரம்பித்தால் 2 மணிக்கு முடியும். மறுநாள் 6.

கூடலூர் செவன்ஸ்:
அண்ணா, மூன்று டீம் குரூப் ஆபத்து என்றுதானே ஃபிஃபாவே கைவிட்டது? 2026 உலகக்கோப்பைக்கு 48 அணிகளை 16 குரூப்பாகப் பிரிப்பதாக இருந்தார்கள். 2023 மார்ச்சில் அதை மாற்றி, நான்கு நான்காக 12 குரூப் ஆக்கிவிட்டார்களே.

வெலிங்டன் விசில்:
சரியான கேள்வி. அந்தத் திட்டத்தில் மூன்றில் இரண்டு டீம் மேலே போகும். கடைசி மேட்ச் ஆடுகிறவர்கள் பேசி வைத்துக்கொண்டு மூன்றாவதை வெளியே தள்ளலாம். ஒரே இடம் என்றால் பேச என்ன இருக்கிறது? குறை வேறு இடத்தில் வரும்: இரண்டு மேட்சும் தோற்றவர் அதோடு வீட்டுக்கு.

கூடலூர் செவன்ஸ்:
அப்போ சரி. சமன் ஆனால் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். 2018-ல் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமம். மஞ்சள் அட்டை ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6, அதனால் ஜப்பான் உள்ளே. போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டே ஜப்பான் கடைசியில் பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்ததும் அந்த மேட்சில்தான். டாஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். 1968 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) அரையிறுதியில் இத்தாலியிடம் சோவியத் யூனியன் தோற்றது நாணயத்தைச் சுண்டியதால். பெனால்டி வையுங்கள், தோற்றாலும் காலால் தோற்றோம் என்றிருக்கும்.

கோத்தகிரி கோல்கீப்பர்:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். நேற்று கமிட்டியில் படித்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள். கோல் வித்தியாசம், போட்ட கோல், அப்புறம் பெனால்டி என்று சார்ட்டில் எழுதிவிட்டோம். போன வருடம் கோட்டோரம் உட்கார்ந்திருந்த அந்த டீமும் பேர் கொடுத்திருக்கிறது. அவர்கள் குரூப்பின் முதல் மேட்சை 10 மணிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், இரண்டாவது பஸ்ஸில் வந்தால் போதும்.