எலக்ட்ரானுக்கும் நியூட்ரினோவுக்கும் ஒரே ஈர்ப்புதானா?

நான்: பெரியப்பா, பொருளை ஆக்கும் துகள்களில் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் மட்டுமே அணுக்கருவைப் பிணைக்கும் வலுவிசையை உணர்கின்றன, மின்னேற்றமே இல்லாத நுண்துகளான நியூட்ரினோவுக்கோ மின்விசையே எட்டுவதில்லை. ஈர்ப்பு மட்டும் எல்லாத் துகளிடமும் ஒன்றுபோல் நடந்துகொள்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

பெரியப்பா: இழுக்கும் விசை ஒன்றல்ல அம்மா, முடுக்கம்தான் ஒன்று. நிறை கூடினால் இழுப்பும் கூடும், அந்த நிறையை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினமாகும்.

அத்தை: அப்படியானால் நிறையே இல்லாத ஒளி ஏன் வளைகிறது அண்ணா?

பெரியப்பா: நல்ல கேள்வி. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி ஈர்ப்பு ஆற்றலோடு தொடர்புடையது. ஓய்வு நிறை, அதாவது துகள் அசையாதபோதும் அதற்குள்ள நிறை, அந்த ஆற்றலின் ஒரு வடிவம் மட்டுமே. சூரியனருகே விண்மீன் ஒளி வளைவதை 1919 கிரகணத்தில் அளந்தார்கள். புரோட்டான் நிறையிலும் குவார்க்குகளின் சொந்த நிறை ஏறத்தாழ 1 சதவீதம்தான்; மற்றதெல்லாம் உள்ளே அடைபட்ட ஆற்றல். மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோள் டைட்டானியமும் பிளாட்டினமும் விழும் முடுக்கத்தை ஒப்பிட்டபோது, 10¹⁵-இல் சில பங்கு நுட்பத்திலும் வேறுபாடு தென்படவில்லை என்று 2022-இல் அறிவித்தார்கள்.

நான்: அவை உலோகக் கட்டிகள் அல்லவா? தனி எலக்ட்ரானை விழவிட்டுப் பார்க்க முடியாதா?

பெரியப்பா: மிகவும் கடினம். ஓர் எலக்ட்ரானைப் புவி இழுக்கும் விசையும், 5 மீட்டர் தொலைவில் இருக்கும் இன்னொரு எலக்ட்ரான் அதைத் தள்ளும் மின்விசையும் ஏறத்தாழச் சமம். எங்கோ ஒட்டியிருக்கும் சிறு மின்னேற்றம் போதும், சோதனையைக் கெடுத்துவிடும்.

அத்தை: நியூட்ரினோவுக்குச் சான்று உண்டா?

பெரியப்பா: உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சான்று அது. 1987-இல் வெடிப்பதாக நமக்குத் தெரிந்த விண்மீனின் நியூட்ரினோக்களும் ஒளியும் சுமார் 1.6 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்து, சில மணி நேர இடைவெளியில் இங்கு வந்து சேர்ந்தன. நம் பால்வழியின் ஈர்ப்பு இரண்டையும் மாதக்கணக்கில் தாமதப்படுத்தியிருக்கும். அந்தத் தாமதம் இரண்டுக்கும் 1 சதவீதம் வேறுபட்டிருந்தால்கூட இவ்வளவு நெருக்கமாக வந்திருக்க முடியாது.

நான்: மின்னேற்றம் எதிராக உள்ள துகள்களால் ஆன எதிர்ப்பொருள் மேல்நோக்கிப் போகும் என்று ஒரு காணொளியில் சொன்னார்களே?

பெரியப்பா: இல்லை அம்மா. ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் ஆல்ஃபா என்ற ஆய்வுக் குழு, எதிர்ப்பொருளால் ஆன எதிர் ஹைட்ரஜனை விடுவித்துப் பார்த்து, அது கீழேதான் விழுகிறது என்று 2023-இல் வெளியிட்டது. ஆனால் அதன் நிறையும் பெரும்பாலும் அடைபட்ட ஆற்றல்தான். அதனால் எதிர் மியூவானும் (மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) எலக்ட்ரானும் இணைந்த, குவார்க்கே இல்லாத மியூவோனியத்தை விழவைத்து அளக்கச் சுவிட்சர்லாந்தில் முயல்கிறார்கள்.

நான்: மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடிதானே, அதற்குள் எவ்வளவு தூரம் விழும்?

பெரியப்பா: ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. அதைத்தான் அளக்கப் போகிறார்கள்.