கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு: பிள்ளைக்காசு விண்ணப்பம்

கேள்வி: பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்துக் குடும்பமாக ஒன்ராறியோவுக்கு வந்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு 4, 8 வயது. முதல் வருட டக்ஸ் (வருமான வரிக் கணக்கு) செய்த பிறகுதான் பிள்ளைக்காசுக்கு (மத்திய அரசு மாதாமாதம் தரும் கனடா சைல்ட் பெனிபிட்) விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில் 1:

இல்லை. இதை நம்பித்தான் பல குடும்பங்கள் காசு தேவைப்படும் முதல் மாதங்களை வெறுங்கையோடு கழிக்கின்றன. சின் நம்பரும் (சமூகக் காப்புறுதி எண்) வீட்டு முகவரியும் வங்கிக் கணக்கும் கிடைத்த கையோடு விண்ணப்பியுங்கள்.

இரண்டு படிவங்கள் வேண்டும். ஆர்சி66 என்பது விண்ணப்பம். ஆர்சி66எஸ்சிஎச் என்பது உங்கள் குடிவரவு நிலையையும் கனடாவுக்கு வருமுன் உழைத்த வருமானத்தையும் சொல்லும் படிவம். இரண்டாவதை விட்டுவிட்டு அனுப்பினால் கடிதம் எழுதிக் கேட்பார்கள், அதில் மாதக்கணக்கு போய்விடும்.

தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருந்தால், பிள்ளையைப் பொறுப்பாகப் பார்ப்பவர் தாய் என்றே கனடாவின் வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ. எடுத்துக்கொள்ளும். ஆகவே அம்மாவின் பெயரில் விண்ணப்பிப்பது இலகு. அப்பா விண்ணப்பிப்பதானால், பிள்ளைகளை முக்கியமாகப் பார்ப்பவர் அவர்தான் என்று அம்மா கையொப்பமிட்ட கடிதம் இணைக்க வேண்டும். யார் விண்ணப்பித்தாலும் படிவத்தில் கணவன் மனைவி இருவருமே கையொப்பமிட வேண்டும். இந்த ஒரு கையொப்பம் இல்லாமல் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம்.

வருமானப் பகுதியை அவசரப்படாமல் நிரப்புங்கள். வந்த வருடத்தில் கனடாவில் கால் வைத்த நாள் வரையும், அதற்கு முந்தைய 2 வருடங்களுக்கும், இருவரும் வெளிநாட்டில் உழைத்ததைக் கனடிய டொலரில் எழுத வேண்டும். வருமானம் இல்லாதவர் 0 என்று எழுதுங்கள், வெறுமையாக விடக்கூடாது. பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்தபடியால் பிறப்புச் சான்றிதழின் பிரதியும், அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்புங்கள். மூலப் பிரதியைத் தபாலில் போடவே வேண்டாம்.

தொகை எப்படி வருகிறது என்று பாருங்கள். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான கணக்கில், 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 7,997 டொலர், 6 முதல் 17 வயது வரை 6,748 டொலர். இருவரின் நிகர வருமானமும் சேர்ந்து 37,487 டொலருக்குள் இருந்தால் முழுத்தொகை. உங்கள் இரு பிள்ளைகளுக்கும் அது 14,745 டொலர். வருமானம் 50,000 என்று வையுங்கள்: மேலதிகமான 12,513 டொலரில் 13.5 வீதம், அதாவது ஏறத்தாழ 1,689 டொலர், கழியும். மீதி 12 மாதத்துக்குப் பிரிந்து மாதம் 1,088 டொலரளவில் வரும். பொதுவாக 20ஆம் தேதி கணக்கில் விழும். இந்தக் காசுக்கு வரி கிடையாது. ஒன்ராறியோவின் சைல்ட் பெனிபிட்டுக்குத் தகுதி இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும், தனி விண்ணப்பம் தேவையில்லை. கியூபெக்கில் இருப்பவர்கள் மட்டும் மாகாணக் காசைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை விண்ணப்பித்தால் போதும், ஆனால் டக்ஸ் வருடா வருடம் இருவரும் ஏப்ரல் 30க்குள் ஃபைல் பண்ண வேண்டும். வேலையே இல்லாத அம்மாவும் பண்ண வேண்டும். ஒருவர் விட்டாலும் ஜூலையில் காசு நின்றுவிடும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாக டக்ஸ் செய்துகொடுக்கும் கிளினிக்குகள் இருக்கின்றன, அவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: நாங்கள் வேர்க் பேர்மிட்டில் (வேலை அனுமதிப் பத்திரம்) இருக்கிறோம். எங்களுக்கும் கிடைக்குமா?

பதில் 2:

கிடைக்கும், ஆனால் 18 மாதம் கனடாவில் வசித்திருக்க வேண்டும், 19ஆவது மாதத்தில் செல்லுபடியான பேர்மிட் கையில் இருக்க வேண்டும். பேர்மிட்டில் உள்ள குறிப்புகளை ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். தற்காலிகக் குடியிருப்பாளர் என்ற அந்தஸ்தை இந்தப் பத்திரம் தராது என்று எழுதியிருந்தால் அது கணக்கில் வராது. அகதிக் கோரிக்கை வைத்துத் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பலர் மாட்டுவது இங்கேதான். கோரிக்கை ஏற்கப்பட்டதும் தகுதி வந்துவிடும். அந்தத் தீர்ப்புக் கடிதத்தின் பிரதியோடு உடனே விண்ணப்பியுங்கள். பேர்மிட்டைப் புதுப்பித்தால் புதியதன் பிரதியையும் சி.ஆர்.ஏ.க்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பழையது முடிந்த தேதியோடு காசும் நிற்கும்.

கணவனோ மனைவியோ இன்னும் ஊரில் இருந்தால், அவருடைய வருமானத்தையும் சிடிபி9 படிவத்தில் காட்ட வேண்டும். மறைத்து எடுத்த காசைப் பின்னர் முழுவதுமாகத் திருப்பிக் கேட்பார்கள்.

இன்னொன்று: பிள்ளை உண்மையில் உங்களோடுதான் இருக்கிறதா என்று உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு நாள் கடிதம் வரலாம். பயப்படத் தேவையில்லை, தவணை தப்பவும் கூடாது. பள்ளிக்கூடத்தில் கடிதம் கேட்கும்போது அதில் பிள்ளையின் பெயர், வீட்டு முகவரி, பெற்றோர் பெயர், எந்தக் காலம் முதல் படிக்கிறது என்பன இருக்கும்படி கேளுங்கள். முகவரி இல்லாத கடிதத்தால் பயனில்லை. வீடு மாறினாலும், பிரிந்து 90 நாளுக்கு மேல் ஆனாலும், பிள்ளையை நீண்ட காலம் ஊரில் விட்டாலும் அறிவித்துவிடுங்கள்.

பதில் 3:

டேகேர் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் 4 வயதுப் பிள்ளை ஜூனியர் கிண்டர்கார்டனுக்கு இலவசமாகப் போகலாம். 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, கட்டணத்தை நாளுக்கு 10 டொலராகக் குறைப்பதைக் குறியாகக் கொண்ட அரசின் பத்து டொலர் திட்டத்தில் சேர்ந்த லைசென்ஸ் உள்ள டேகேரில் 2025 ஜனவரி முதல் நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்க முடியாது. வீட்டில் பிள்ளை பார்ப்பவருக்குக் கையில் காசு கொடுத்தால், அவருடைய சின் நம்பர் உள்ள ரசீது கட்டாயம் வாங்குங்கள். அந்தச் செலவை டக்ஸில் கழித்தால் நிகர வருமானம் குறையும், அடுத்த ஜூலையில் பிள்ளைக்காசும் கூடும். 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 8,000 டொலர் வரையும், 7 முதல் 16 வரை 5,000 டொலர் வரையும் கழிக்கலாம். பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்தான் கழிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் சின் நம்பர் எடுங்கள். ஆர்.இ.எஸ்.பி. (பிள்ளையின் மேற்படிப்புக்கான சேமிப்பு) கணக்கு திறந்தால், குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு நீங்கள் ஒரு சதம் போடாமலே லேர்னிங் பொண்ட் என்ற அரசு உதவித்தொகை முதலில் 500 டொலரும், பிறகு தகுதியுள்ள ஒவ்வொரு வருடமும் 100 டொலரும், மொத்தம் 2,000 வரை விழும். கணக்குத் திறக்கும்போது பொண்டுக்கான விண்ணப்பத்தையும் தரச் சொல்லிக் கேளுங்கள், எல்லா நிறுவனங்களும் அதைத் தருவதில்லை. மாதாமாதம் கட்டாயம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தை நீட்டினால் கையொப்பமிடாமல் வேறு வங்கிக்குப் போங்கள்.