பூனை சோபாவைப் பிறாண்டுகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் வீட்டு மீனுவுக்கு இரண்டு வயது ஆகிறது. உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக வந்தவள். இப்போது கூடத்துச் சோபாவின் வலது கைப்பிடி முழுக்க அவளுடைய வேலைதான். துணி நூல் நூலாகப் பிரிந்து, உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே தெரிகிறது. படுக்கையறைக் கம்பளத்திலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் எழும்பி நிற்கின்றன.

நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் அதட்டினேன். பிறகு கை தட்டி விரட்டினேன். அதுவும் பலிக்காமல், தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை வாங்கி முகத்தில் தெளித்தேன். நான்கு நாள் அவள் சோபாப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் வெளியே போய்த் திரும்பியபோது தரையெல்லாம் பஞ்சுத் துணுக்கு. பிறாண்டக் கூடாது என்று அவள் கற்றுக்கொள்ளவில்லை. நான் இருக்கும்போது பிறாண்டக் கூடாது என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. ஒரு நாள் அலமாரியின் மேல்தட்டில் இருந்த போர்வையை எடுக்கக் கையை உயர்த்தினேன். காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டாள். என் மடியில் வளர்ந்த பிள்ளை என் கையைப் பார்த்து ஓடுகிறது. அன்றே பாட்டிலைத் தூக்கி எறிந்தேன்.

பிறாண்டுவதற்கென்றே விற்கும் தூண் ஒன்றும் வாங்கினேன். இரண்டடி உயரம். கூடத்தின் அழகு கெட வேண்டாம் என்று துணி துவைக்கும் அறையின் மூலையில் வைத்தேன். அவளுடைய முன்னங்கால்களைப் பிடித்து அதில் தேய்த்தும் காட்டினேன். கையை உருவிக்கொண்டு போனவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அறுவை சிகிச்சை செய்து நகத்தையே எடுத்துவிடலாமே" என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சு வளர்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

*

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் சகோதரி: வேண்டவே வேண்டாம்.

நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகப் பல ஆண்டுகள் இருந்தவள். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்போடு சேர்ந்தே வளர்கிறது. அது மறுபடி முளைக்காமல் இருக்க அந்த எலும்பையே வெட்டியாக வேண்டும். முன்னங்கால் ஒன்றுக்கு ஐந்து விரல். ஆக, பத்து விரல்களின் நுனி போய்விடும். நம் விரல்களைக் கடைசிக் கணுவோடு துண்டிப்பதற்குச் சமம். 'நகம் எடுப்பது' என்ற பெயரைக் கேட்டு முடிவெட்டுவது போல் எண்ணிவிடுகிறார்கள்.

அப்படி நகம் எடுக்கப்பட்ட பூனை ஒன்றைப் பழைய வீட்டார் கைவிட்டுப் போன பிறகு எங்களிடம் கொண்டு வந்தார்கள். மணல் தொட்டியில் ஒரு கால் வைக்கும். உடனே காலை உதறிக்கொண்டு வெளியே வந்து, பக்கத்தில் கிடக்கும் துணியில் சிறுநீர் கழிக்கும். மணல் குத்துகிற வலி. யாராவது குனிந்தால் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். எச்சரிக்க அதனிடம் நகம் இல்லையே. அந்தக் கண்களை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பிரிட்டனில் மருத்துவக் காரணம் இன்றி இதைச் செய்வது 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் 2019-இல் நியூயார்க் மாநிலம் முதலில் தடை செய்தது. வீட்டில் பேச்சு எழும்போது இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள்.

*

பூனை ஏன் பிறாண்டுகிறது என்று தெரியாமல் நானும் ஓராண்டு சண்டை போட்டவன். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்ததில்தான் வழி பிறந்தது. எங்கள் பூனை சாம்பல் எப்போது, எங்கே, எப்படிப் பிறாண்டுகிறான் என்று ஒரு தாளில் குறித்தேன். தூங்கி எழுந்ததும் நான்கு எட்டு வைப்பான். சோபாவின் பின்மூலைக்குப் போய்ப் பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை எட்டும் மட்டும் மேலே ஊன்றி, முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறிப்பான். அப்புறம் இழுப்பு: வலது, இடது, வலது. நான் வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறந்தாலும் அதே மூலை, அதே இழுப்பு. குறித்ததில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வேளைகள்தாம்.

அந்த மூலையைக் கூட்டும்போது பிறை வடிவத்தில் ஏதோ கிடைத்தது. நகமே பிய்ந்து விழுந்துவிட்டதோ என்று பதறிவிட்டேன். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. பாம்புச் சட்டை போல மெல்லிய, ஊடுருவித் தெரிகிற வெற்று உறை. பூனையின் நகம் அடுக்கடுக்காக வளர்கிறது. தேய்ந்த மேலுறை கழன்றால்தான் அடியில் இருக்கும் கூர்நகம் வெளியே வரும். முன்னங்கால் நகங்களுக்கு அந்த வேலையைப் பிறாண்டல் செய்கிறது. பின்னங்கால் உறைகளைப் பெரும்பாலும் பல்லாலேயே கடித்து எடுத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பாதத்திலும் விரல் இடுக்குகளிலும் சுரப்பிகள் உண்டு. நம் மூக்குக்கு எட்டாத வாசனை ஒன்று இழுக்கும் இடத்தில் படிகிறது. பார்ப்பதற்குக் கீறல், முகர்வதற்கு வாசனை. இரண்டும் சேர்ந்து 'இது என் இடம்' என்று சொல்கின்றன. அதனால்தான் ஒதுக்குப்புறத்தை விட்டுவிட்டு, நாம் எல்லோரும் புழங்குகிற கூடத்தில் பிறாண்டுகிறது. சகோதரி, நீங்கள் தூணைத் துவைக்கும் அறையில் வைத்தது, வீட்டின் பெயர்ப்பலகையைக் கொல்லையில் மாட்டியது போல. யார் பார்ப்பார்கள்?

உயரமும் போதாது. சாம்பல் முழுக்க நீட்டி நின்றபோது சுவரில் அளந்தேன். எண்பது சென்டிமீட்டர் வந்தது. இரண்டடித் தூணில் அவனுக்கு முதுகு முறிக்க இடமில்லை. நான் வாங்கிய முதல் தூண் ஆடவும் ஆடியது. ஒரு முறை அவன் மேலேயே சாய்ந்தது. அதன் பிறகு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் நானே செய்தேன். அகலமான கனத்த பலகை, அதன்மேல் மூன்றடிக்கும் சற்று உயரமான மரக்கட்டை, அதைச் சுற்றிச் சைசல் எனப்படும் கற்றாழை நார்க் கயிறு, இடைவெளி இல்லாமல் இறுக்கமாக. ஆணி முனை எதுவும் வெளியே தெரியக் கூடாது. தோளால் முட்டிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே சோபா மூலையை ஒட்டி, அவன் எழுந்து நடந்து வரும் வழியிலேயே நிறுத்தினேன். மூலையில் இருபுறமும் ஒட்டும் டேப்பை ஒட்டினேன். பாதத்தில் பிசுபிசுப்பது பூனைகளுக்கு ஆகாது.

கையைப் பிடித்துத் தேய்த்துக் காட்டுவதை விட்டுவிடுங்கள். பிடித்து அமுக்கினாலே அந்த இடத்தின் மேல் அச்சம் வந்துவிடும். ஒரு கயிற்றில் இறகைக் கட்டித் தூணின் மேல் ஓடவிட்டேன். பிடிக்கத் தாவியவனின் நகம் கயிற்றில் பதிந்தது. ஒன்பதாம் நாள் காலை தூங்கி எழுந்தவன், நான் கூப்பிடாமலே தூணில் சாய்ந்து இழுத்தான். அந்த நொடியே தின்பண்டம் ஒன்றைக் கொடுத்தேன். சற்றுத் தாமதித்தாலும் எதற்காகக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது.

*

மேலே எழுதிய நண்பர் சொன்னது சரி, ஆனால் தூண் எல்லாப் பூனைக்கும் ஒத்துவராது. எங்கள் கறுப்பி சோபாவைத் தொட்டதே இல்லை. கம்பளம் மட்டும்தான். குந்தி உட்கார்ந்து, முன்னங்கால்களைத் தரையோடு தரையாக நீட்டி இழுப்பாள். அவளுக்கு எவ்வளவு உயரமான தூணை வாங்கி என்ன பயன்? நான் மூன்று வாங்கி அந்தப் பாடத்தைக் கற்றேன். அதிலும் ஒன்று கம்பளத் துணி சுற்றிய தூண். தூணில் இருப்பதும் கம்பளம், தரையில் இருப்பதும் கம்பளம்; ஒன்றைப் பிறாண்டலாம், மற்றதைப் பிறாண்டக் கூடாது என்று அவள் எப்படிப் பிரித்துப் பார்ப்பாள்?

அவளுக்குப் பொருந்தியது நெளி அட்டைப் பலகை. பொருள்கள் வரும் பெட்டிகளின் அட்டையை ஒரே அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டி, நெளிவு மேலே தெரியும்படி நிறுத்தி அடுக்கி ஒட்டினால் போதும். கம்பளத்தில் கிழிந்த இடத்தின் மேலேயே வைத்தேன். கீழே நழுவாமல் இருக்க ரப்பர் விரிப்பு. இரண்டாம் நாளே ஏறிவிட்டாள். அட்டைத் தூள் உதிரும். தினமும் பெருக்கத்தான் வேண்டும். பெருக்கிவிட்டுப் போகிறேன்.

கம்பளம் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். இழைகள் வளையம் வளையமாக இருக்கும் கம்பளத்தில் நகம் மாட்டும், மாட்டிய நகத்தை இழுக்க இழுக்க நூல் வரும். மேல்நுனி வெட்டிய, குட்டை இழை உள்ளது எவ்வளவோ தேவலை. சோபாத் துணியும் அப்படித்தான். முரட்டு நூலில் நெகிழ நெய்தது இழுக்கத் தோதாக இருக்கும். நகம் பதியாத அடர்ந்த, வழவழப்பான துணி அதன் கவனத்தை அவ்வளவாக ஈர்ப்பதில்லை.

*

நகம் வெட்டுவதைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. பிறாண்டுவது நிற்காது, ஆனால் கிழிவது குறையும். பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தமும் நரம்பும் ஓடும் பகுதி. அதைத் தொடாமல் தள்ளியே நின்று, வெள்ளையான கொக்கி நுனியை மட்டும் வெட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். ஒரே நாளில் எல்லா நகத்தையும் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பூனை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஒரு பாதம், மறுநாள் இன்னொன்று என்று வெட்டுவேன்.

வயதான பூனை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் கிழவிக்குப் பதினைந்து வயது ஆனபோது பிறாண்டுவதே குறைந்துவிட்டது. சோபா தப்பித்தது என்று நிம்மதியாக இருந்தேன். நொண்ட ஆரம்பித்த பிறகுதான் பார்த்தேன்: கட்டைவிரல் போல் ஒதுங்கி இருக்கும் அந்த நகம் வளைந்து வளர்ந்து அவள் சதையிலேயே குத்தி இறங்கியிருந்தது. மருத்துவர் வெட்டி எடுத்து மருந்து போட்டார். எத்தனை நாள் அந்த வலியோடு என் பக்கத்தில் படுத்திருந்தாளோ!

*

எங்கள் வீட்டில் பிரச்சினை சோபாவில் இல்லை, ஜன்னலில் இருந்தது. ஒழுங்காகத் தூணைப் பயன்படுத்தி வந்தவன் திடீரென்று ஜன்னல் திரை, கதவு நிலை, வாசல் கம்பளம் என்று எல்லாவற்றையும் பிறாண்டத் தொடங்கினான். சேட்டை என்று நினைத்து, எலுமிச்சை வாசனை பூனைக்குப் பிடிக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, எலுமிச்சை எண்ணெயைக் கதவில் தடவினேன். அப்படிப்பட்ட வாசனை எண்ணெய்கள் பூனைக்கு நஞ்சு என்பது எனக்குத் தெரியாது. அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கியே விழுங்கிவிடும். எச்சில் ஒழுக நின்றவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்தான். தயவுசெய்து எந்த வாசனை எண்ணெயையும் தடவாதீர்கள்.

மருத்துவர்தான் "வீட்டைச் சுற்றிப் புதுப் பூனை ஏதாவது வருகிறதா?" என்று கேட்டார். வந்துகொண்டிருந்தது. இரவில் ஒரு கடுவன் ஜன்னல் விளிம்பில் வந்து உட்காரும். எங்கள் பையன் தன் எல்லையைக் காக்கத்தான் அத்தனை இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறான், நான் அவனை வைதுகொண்டிருந்தேன். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைக்கத் தாள் ஒட்டி, வாசலருகே இன்னொரு தூண் வைத்தோம். மூன்று வாரத்தில் அடங்கியது.

*

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

நகம் எடுக்கும் பேச்சு அன்றோடு முடிந்தது. பத்து விரல் என்ற கணக்கைப் படித்துக் காட்டியதும் என் கணவர் எழுந்து போய் மீனுவின் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தூணை அவரே செய்தார். சோபாவின் வலது கையை ஒட்டி, கூடத்துக்கு நடுவில் நிற்கிறது. படுக்கையறைக் கதவருகே அட்டைப் பலகை. மீனு இரண்டையும் பயன்படுத்துகிறாள்: காலையில் தூண், நாங்கள் படுக்கப் போகும்போது அட்டை. நடுவில் இரண்டு முறை சோபாவுக்குப் போனாள். அதட்டவில்லை, இறகை ஆட்டித் தூணுக்கு அழைத்தேன். இப்போது நான் கையை உயர்த்தினால் ஓடுவதில்லை.

ஒரு கேள்வி. தூணின் கீழ்ப்பாதியில் கயிறு பிய்ந்து நார் நாராகத் தொங்குகிறது. எடுத்துவிட்டுப் புதியது செய்யலாமா?

*

அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அந்தக் கிழிசலும் அதில் ஏறிய வாசனையும்தான் அவளை அங்கே இழுக்கின்றன. அறுந்த பகுதிக்கு மட்டும் புதுக் கயிறு சுற்றுங்கள். மேல்பாதி அப்படியே இருக்கட்டும். சாம்பலின் தூண் பார்க்கச் சகிக்காது. நான்காவது ஆண்டாக அதையேதான் இழுக்கிறான்.

*

சுற்றிவிட்டோம். கயிற்றை முடிந்துகொண்டிருக்கும்போதே மீனு தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். புதுக் கயிற்றை முகர்ந்தாள். பிறகு என் தோளுக்கு மேலாகக் காலை நீட்டி, பழைய பகுதியில் ஊன்றி இழுத்தாள். நார்த்துணுக்குகள் என் தலையில் உதிர்ந்தன. அவள் இழுத்து முடிக்கும்வரை நான் அசையவில்லை.