மறு: நாம் தமிழாக்கும் செயலியின் சந்தாப் பட்டியலில் ‘ரினியூவல் டேட்’டுக்கு என்ன சொல்?

> ‘புதுப்பிக்கும் நாள்’ என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு மாதிரி புரியும். கைபேசியில் ‘புதுப்பி’ என்றால் செயலியின் அடுத்த பதிப்பை இறக்குவது, உலாவியில் அதே சொல் பக்கத்தை மறுபடி ஏற்றுவது. சந்தாவையும் அதன் தலையில் கட்ட வேண்டுமா?

அதைவிட முக்கியம், ஓட்டுநர் உரிமமோ நூலகப் புத்தகமோ, புதுப்பிப்பது என்றால் நாம் போய்ச் செய்கிற காரியம். பத்திரிகைச் சந்தாவும் அப்படித்தான் இருந்தது, மணியார்டர் போகாவிட்டால் இதழ் நின்றுவிடும். இப்போது நாம் சும்மா இருந்தால்தான் பணம் போகிறது. போன மாதம் பார்க்காமலே கிடந்த ஒரு படச் சேவைக்கு எனக்கு 1,499 ரூபாய் போனது. ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும், வந்தும் இருக்கிறது, ‘உங்களுக்குக் கடன் தயார்’ குறுஞ்செய்திகளுக்கு நடுவில் நான்தான் கவனிக்கவில்லை. ஆக, பட்டியல் காட்ட வேண்டியது பணம் எடுக்கப்படும் நாளை. சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் என்கிறோமே, அதிலிருந்து ‘பிடித்த நாள்’?

---

> ‘பிடித்த நாள்’?

அண்ணா, ‘இசைச் சேவை, பிடித்த நாள்: 14’ என்று திரையில் பார்ப்பவர் அன்றைக்கு என்ன விசேஷம் என்றுதான் கேட்பார் :-) தண்டுதல் என்றால் வசூலித்தல், நல்ல பழைய சொல். ‘தண்டல் நாள்’ என்று வைக்கலாமே?

---

சிரித்துவிட்டேன், சரிதான். ஆனால் தண்டல் வேண்டாம் தம்பி. எங்கள் மார்க்கெட்டில் தண்டல் என்றால் சாயங்காலம் பைக்கில் வந்து கடைகடையாக நூறு, இருநூறு வாங்கிக்கொண்டு அட்டையில் குறித்துவிட்டுப் போகிறவர். (பொருள் ரொம்பத் தள்ளி இல்லை என்பது வேறு விஷயம்.)

இலக்கணப்படி ‘பிடித்தத் தேதி’ என்று எழுதினால் குழப்பம் இல்லை, ஆனால் அந்த ஒரு ‘த்’தை நம்பித் திரையில் எதையும் வைக்க எனக்குத் தைரியம் இல்லை, முதல் ஆளே விட்டுவிடுவார். ‘நாள்’ என்ற சொல்லையே தூக்கிவிட்டால் என்ன? ‘அடுத்த பிடித்தம்: மார்ச் 14’. நினைவூட்டலில் ‘நாளை பிடித்தம்: ரூ. 199’. இதை யாரும் விருப்பம் என்று படிக்கமாட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லக் கடைசி நாளுக்கு ‘நிறுத்தக் கெடு’. கெடு என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும், கொஞ்சம் பயமும் வரும், வரட்டும்.

மூன்றையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிட்டேன். ‘ஃப்ரீ ட்ரையல்’ வரி மட்டும் இன்னும் காலி. ‘இலவசச் சோதனை’ என்று போட்டால் ரத்தப் பரிசோதனை முகாம் மாதிரி இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.