புதுப்பிப்பு: ஏழு இல்லை, எட்டு

முடிவுறு புலங்களின் (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்யக்கூடிய, உறுப்புகள் எண்ணி முடியும் எண் அமைப்புகள்) மேல் உள்ள சார்புப் புலங்களில் (ஒரு வளைவரையின் மேல் அமையும் விகிதமுறு சார்புகளின் தொகுப்புகள்), ஜீனஸ் (வளைவரை எவ்வளவு சிக்கலானது என்று அளக்கும் எண்) பூஜ்யத்துக்கு மேல் இருந்தும் வகுப்பு எண் (வளைவரையின் புள்ளிகளைக் கொண்டு அமைக்கும் ஒரு குலத்தில் எத்தனை உறுப்புகள் என்பது) 1 ஆக வருபவை மொத்தம் 7தான் என்று போன வாரம் அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு. அது 1975இல் லைட்செல், மதன், குவீன் என்ற கணிதவியலாளர்கள் மூவரும் தந்த பட்டியல். அதில் விட்டுப்போன ஒன்றை, இரண்டே உறுப்புள்ள புலத்தின் மேல் ஜீனஸ் 4 உடையதை, பிற்பாடு ஸ்டிர்ப்பே கண்டுபிடித்தார், இப்போது 8தான் என்று நிரூபணமும் ஆகிவிட்டது.

அப்புறம், வகுப்பு எண் 1 ஆக வருவதற்குத் தொண்டியிலிருந்து உதாரணம் கேட்ட தம்பிக்கு: ஜீனஸ் 1 என்றால் வகுப்பு எண்ணும் வளைவரையின் புள்ளி எண்ணிக்கையும் எப்போதும் சமம்தான். நேற்று மண்டபம் கடற்கரை மணலிலேயே விரலால் போட்டுப் பார்த்தேன், ஒய்² + ஒய் = எக்ஸ்³ + எக்ஸ் + 1. இதுவும் அந்த இரண்டே உறுப்புள்ள புலத்தின் மேல்தான்: 0, 1 மட்டும்தான், 1 + 1 = 0. எக்ஸுக்கு 0 போட்டாலும் 1 போட்டாலும் வலப்பக்கம் 1, இடப்பக்கமோ எப்போதும் 0. முடிவிலியில் இருக்கும் ஒற்றைப் புள்ளிதான் மிச்சம், ஆக வகுப்பு எண் 1. அலை வந்து அழிப்பதற்குள் முடிந்துவிட்டது!