டோட்டல் நார்மல், ஆனா நல்ல கொழுப்பு 29

எனக்கு 38 வயசு, செங்கோட்டை பக்கம் பிரானூர்ல மர அறுவை மில்லுல கணக்கு எழுதுறேன். போன வருஷம் டெஸ்ட் எடுத்தப்போ டோட்டல் கொலஸ்ட்ரால் 172, நார்மல்னு லேப்ல சொன்னதும் பேப்பரை மடிச்சு வச்சுட்டேன். அதே பேப்பர்ல ஹெச்டிஎல்ங்கிற நல்ல கொழுப்பு 29, டிரைகிளிசரைடுன்னு ரத்தத்துல ஓடுற இன்னொரு கொழுப்பு 268ன்னு இருந்துருக்கு, யாரும் சொல்லல. ஹெச்டிஎல் ஆம்பளைக்கு 40, பொம்பளைக்கு 50, அதுக்குக் கீழ போனா கம்மின்னு அர்த்தம்.

தென்காசில டாக்டர் ஒருத்தர்தான் அதைப் பாத்துட்டு, என்னல்லாம் சாப்பிடுதீங்கன்னு கேட்டாரு. தேங்காஎண்ணெய நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு சார், முட்டை மஞ்சக்கரு தொடுறதில்லன்னு சொன்னேன். சரி, பசிக்கு என்ன செய்யுதீங்கன்னாரு. மூணு வேளையும் இட்லி சோறுதான், சாயங்காலம் பார்டர் கடைல நாலு பரோட்டா, ஒரு நாளைக்கு அஞ்சு டீ சீனி போட்டு. அங்கதான் பிடிச்சாரு. மாவும் சீனியும் மிஞ்சிச்சுன்னா கல்லீரல் அதை டிரைகிளிசரைடா மாத்தி ரத்தத்துல விட்டுரும், அது ஏற ஏற நல்ல கொழுப்பு சீக்கிரம் கழிஞ்சு போயிரும், தொப்பையும் உக்காந்தே பாக்குற வேலையும் சேந்தா கேக்கவே வேண்டாம். 2014ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வுல நம்ம தமிழ்நாடும் உண்டு, அதுல 72 சதவீதம் பேருக்கு ஹெச்டிஎல் கம்மி, படிச்சதும் மனசே கனத்துப் போச்சு.

இப்போ சோறு பாதி, கூட சுண்டல், சாளை மீன் கொழம்பு, விடியக்காலம் குண்டாறு ரோட்டுல முக்கா மணி நேரம் நடை. ஆறு மாசத்துல ஹெச்டிஎல் 36, டிரைகிளிசரைடு 160. இன்னும் 40 தொடல, விடமாட்டேன்.

*

புளியரைல இருந்து எழுதுறேன் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு புனலூருக்கு லாரி ஓட்டுறாரு, ஒல்லியான ஆளு, அவருக்கு ஹெச்டிஎல் 31. காரணம் சிகரெட். விட்டு நாலு மாசத்துல 37க்கு வந்துச்சு. பிரஷருக்குப் போடுற அட்டெனலால் மாத்திரை கூட நல்ல கொழுப்பைக் கொஞ்சம் கொறைக்கும்னு யாரோ சொல்ல, இவரா மாத்திரைய நிறுத்திட்டாரு, பிரஷர் 180க்குப் போயி ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். தயவுசெஞ்சு டாக்டர்ட்ட கேக்காம யாரும் நிறுத்தாதீங்க.

*

நான் ஆரியங்காவு. என் தம்பிக்கு 24 வயசு, ஜிம்முக்குப் போற பையன், பரோட்டாவும் இல்ல சிகரெட்டும் இல்ல, ஹெச்டிஎல் 14. அம்மா அழுதுட்டாங்க. கடைசில பாத்தா உடம்பு ஏத்தணும்னு ஸ்டீராய்டு ஊசி போட்டுருக்கான். அது நல்ல கொழுப்பை அடியோட இறக்கிரும்னு டாக்டர் சொன்னப்புறந்தான் எங்களுக்கே தெரியும். ஊசிய நிறுத்தியாச்சு, மாசக் கடைசில மறுபடி டெஸ்ட், ரிசல்ட் வந்ததும் போடுறேன்.